குணாளனின் காலிங் பெல்

ரிச்சி தெருவில் கீழே செல்போன் உறை விற்கிற கடை, அதன் மேலே கேமரா விற்கிற கடை, அதற்கும் மேலே முபீனாவின் அறை. படி செங்குத்து. ஏறுகிறவர்கள் குறைவு. ஏறி வந்தவர்களுக்கு வேறு போக்கிடம் இருக்காது.

பழைய சாதனங்களைப் பிரித்து, அவற்றின் மூளையாக இருக்கிற ஐசி சில்லுகளைக் கழற்றுவது அவள் தொழில். எது என்ன, எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தரம் பிரித்து வைப்பாள். முப்பது வருஷத்து லிஃப்ட் ஒன்று நடுமாடியில் நின்று அடம்பிடித்தால் அதற்கான மூளை அவளிடம்தான் கிடைக்கும். புதுக் கடைகளில் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் சீடராகச் சேர்ந்த தணிகாசலத்துக்கு அறுபத்தெட்டு. ரயில்வே சிக்னல் கேபினில் ஆயுசு முழுக்கக் கைப்பிடி இழுத்து ஓய்வு பெற்றவர். குருவைக் கூப்பிடுகிற அந்தத் தெரு மெக்கானிக்குகள் வழக்கப்படி அவளை உஸ்தாத் என்றே கூப்பிட்டார். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் அண்ணே என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கிற ஆள் இல்லை.

அவர் வந்தது ஒரே ஒரு ஐசிக்காக.

மகன் குணாளன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கும்போது வீட்டுக்கு ஒரு காலிங் பெல் செய்து வைத்தான். சுவிட்சை அழுத்தினால் பதினான்கு ஸ்வரம் வரும். மெட்டு அவனே போட்டது. வைத்து நான்கு மாதத்தில் மூளைக் காய்ச்சல் வந்து போய்விட்டான். அன்றைக்குத் தணிகாசலம் கேபினில் இருந்தார். மாற்று ஆள் வந்து, அவர் சைக்கிள் மிதித்து வீடு சேர்வதற்குள் பையனின் கண்ணை யாரோ மூடிவிட்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம். டூட்டி முடிந்து வந்தாலும், பால் வாங்கி வந்தாலும், சுவிட்சை அழுத்திவிட்டு வாசலில் நிற்பார். மனைவி வந்து கதவைத் திறப்பாள். போன வருஷம் மனைவியும் போனாள். அதன் பிறகும் அழுத்தினார். உள்ளே யாரும் இல்லாத வீட்டுக்கு மணி அடித்து, பதினான்கும் முடியும்வரை நின்று, பிறகு தானே பூட்டைத் திறந்து உள்ளே போவார். எதிர்வீட்டில் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

ஒரு நாள் அழுத்தினார். சத்தம் வரவில்லை.

மணிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தச் செங்குத்துப் படியை ஏறி வந்தார். முபீனா திறந்து பார்த்தாள்.

"போர்டு அரிச்சுப் போச்சு அண்ணே. ஐசி நல்லாத்தான் இருக்கு. கழட்டி வேற போர்டுல வச்சுத் தரேன்."

"அதுல நீ கை வைக்கக் கூடாதும்மா."

"அப்புறம் யாரு வைக்கிறது?"

"நான். கத்துக்கொடு."

முபீனா அவர் கையைப் பார்த்தாள். விரல் நடுங்கவில்லை.

"நாலு மாசம் ஆகும்," என்றாள்.

"இருபத்தாறு வருஷம் ஆச்சு. நாலு மாசம் என்ன?"

முதல் மாதம் அவரை ஈயம் பற்றவைக்கிற அயர்ன் பக்கமே விடவில்லை. ஐசியின் முதுகைப் படிக்கச் சொன்னாள். நான்கு எண் சேர்ந்து நின்றால் முதல் இரண்டும் வருஷம், அடுத்த இரண்டும் அந்த வருஷத்தின் வாரம். அது பிறந்த தேதி. பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புது எண் அச்சடித்து விற்கும் கில்லாடிகள் உண்டு. தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பொய் எண் பஞ்சோடு வந்துவிடும். தணிகாசலம் துடைத்துத் துடைத்துப் பொய்யைக் கண்டுபிடிப்பதில் ஒரு சின்னப் பிள்ளையின் குஷி அடைந்தார்.

சில ஐசிகளுக்கு முதுகில் கண் இருந்தது. வட்டமாக ஒரு கண்ணாடி. உள்ளே அரிசியளவு சதுரம் ஒன்று, தண்ணீரில் சிந்திய எண்ணெய் போல் நிறம் காட்டும். கண் உள்ள ஐசி எது வந்தாலும் முபீனா முதலில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் வெட்டி அதன்மேல் ஒட்டுவாள். எண் பார்ப்பதெல்லாம் அதன் பிறகுதான்.

"ஏன் உஸ்தாத் மூடுறீங்க?"

"கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டா நீங்க தூங்குவீங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கழற்றிய ஐசியை ஒரு பரிசோதனைப் பலகையில் செருகி ஓடவிட்டுப் பார்ப்பாள். அந்த நேரங்கள்தான் தணிகாசலத்துக்கு ஆகாது. பட்டப்பகலில், கீழே தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே, முதுகுத்தண்டில் ஒரு குளிர் இறங்கும். ஒவ்வொன்றும் தான் இன்னும் பழைய வேலையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். லிஃப்டின் ஐசி ஏழாம் மாடிக் கதவைச் சாத்தச் சொல்லிச் சிவப்பு விளக்கை விட்டுவிட்டு எரிக்கும். யாராவது சாத்தும்வரை எரித்துக்கொண்டே இருக்கும்.

"அது எந்தக் கட்டடம்?"

"இடிச்சு ஒம்போது வருஷம் ஆவுது."

"அப்புறம் ஏன் கேக்குது?"

"அதுகிட்ட யாராவது சொன்னாங்களா?"

ஒரு மத்தியானம் எடை மெஷின் ஒன்றின் ஐசி வந்தது. ரயில் நிலையத்தில் காசு போட்டால் விளக்கெல்லாம் சுற்றுமே, அந்த மெஷின். பலகையில் செருகியதும் எண் பலகை விழித்தது. ஐம்பத்து நான்கு கிலோ என்று காட்டியது.

அறையில் தட்டும் இல்லை, தட்டின்மேல் ஆளும் இல்லை.

"ஏறி நிக்கிறது யாரு?" என்றார் தணிகாசலம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

முபீனா பலகையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கம்பியை விரலால் தொட்டாள். எண் எழுபத்தொன்றுக்குத் தாவியது. விரலை எடுத்தாள். மெல்ல மெல்ல வந்து மறுபடி ஐம்பத்து நான்கில் நின்றது.

"கம்பி தொங்குது. தொங்குற கம்பி காத்துல கிடக்கிறதை எதையாவது புடிச்சுக்கிட்டு ஒரு நம்பர் சொல்லும்."

"நிஜமா உள்ளே யாரும் இல்லையா?"

"நாலாயிரம் நம்பர் இருக்கு."

அவர் நம்பவில்லை. நம்பாததை வெளியே சொல்லவும் இல்லை.

நான்காவது மாதம் தன் கையாலேயே குணாளனின் ஐசியைக் கழற்றினார். நாற்பது கால். ஒரு காலும் வளையவில்லை. முபீனா புதுப் போர்டில் சாக்கெட் வைத்துக் கொடுத்தாள். அவர்தான் செருகினார். மேஜைச் சுவிட்சில் இணைத்து அழுத்தியதும் பதினான்கு ஸ்வரமும் அந்த அறையில் ஒலித்தன. முபீனா தன் வழக்கப்படி ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள்: ஒன்பது செகண்ட்.

ஐசியின் முதுகில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. குணாளன் பேனாவால் எழுதியது. "மணி 3. சரி." மூன்றாவது முயற்சியில் சரியாக வந்திருக்கிறது, அதை எழுதி ஒட்டியிருக்கிறான். சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தணிகாசலத்துக்கு அப்போது தோன்றவில்லை. முபீனா, கண் மூடித்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போன இரண்டாம் நாள் சீட்டின் ஓரம் சுருண்டு நிற்பதைப் பார்த்தார். பசை காய்ந்துவிட்டது. காற்றடித்தால் பறந்துவிடும். பையன் கையெழுத்து என்று அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். நோட்டுகளையெல்லாம் மனைவி பார்க்க முடியாமல் கொடுத்துவிட்டிருந்தாள். நகத்தால் மெதுவாக உரித்து, ரயில்வே பாஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்தினார்.

உரித்த இடத்தில் கண் இருந்தது.

அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார்.

உஸ்தாத் சொல்லிக்கொடுத்தபடி கறுப்பு டேப் ஒரு துண்டு வெட்டினார். கிட்டே கொண்டுபோனார். கை போகவில்லை. அன்றைக்கு அவர் வந்து சேர்வதற்குள் யாரோ செய்துவிட்ட அந்த வேலையை இன்றைக்கு அவரே செய்வதா? டேப்பைச் சுருட்டி எறிந்தார்.

பெட்டியின் மூடியையும் போடவில்லை. வாசலை ஒட்டிய ஜன்னல் திட்டில் வைத்தார். கண்ணாடி இல்லாத, வெறும் கம்பி ஜன்னல். மேற்குப் பார்த்தது. வெளியே நின்று சுவிட்சை அழுத்தும்போது கம்பிக்கு நடுவே அந்தக் கண் தெரியும். பிற்பகல் வெயில் நேரே அதன்மேல் விழும். சில நேரம் பச்சையாக, சில நேரம் ஊதாவாக மின்னும்.

ஒன்பதாம் நாள் கடைசி ஸ்வரம் கொஞ்சம் நீண்டது.

காதுதான் கோளாறு என்று நினைத்தார். மறுநாள் இன்னும் நீண்டது. அதற்கு மறுநாள் ஐந்தாவது ஸ்வரம் ஒரு படி மேலே ஏறி நின்றது. இருபத்தாறு வருஷமாக இல்லாத ஒன்று. தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும்தான்.

அவன் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்திருக்கிறான்.

அதன் பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போனால்தானே வர முடியும்? பாலுக்கு ஒரு தடவை, பேப்பருக்கு ஒரு தடவை, ஒன்றுமே இல்லாமல் தெருமுனைவரை ஒரு தடவை. போய்விட்டு வந்து அழுத்துவார். ஒவ்வொரு தடவையும் மெட்டு கொஞ்சம் இழுபட்டிருக்கும். இழுத்து இழுத்து, விளங்காத அப்பனுக்குப் பொறுமையாக விளங்கவைக்கிற மாதிரி. ஒரு நாள் முடிகிற இடத்தில் சட்டென்று மேலே போய் நின்றது, கேள்வி கேட்டதுபோல.

"என்னடா? சொல்லு," என்றார் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

தெருவில் போன ஒரு பெண் நடையை எட்டிப்போட்டாள்.

இருபத்திரண்டு நாள் கடைப்பக்கம் போகவில்லை. கடைசியில் அவரால் தனக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

"உஸ்தாத்! அவன் பேசுறான்."

முபீனா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். அவர் பெட்டியை மேஜைச் சுவிட்சில் இணைத்து அழுத்தினார். மெட்டு வந்தது. மெட்டு என்று சொல்ல முடியாது. உயரமான, மெலிந்த, நீளமான ஏதோ ஒன்று. அது முடியும்வரை அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோரு செகண்ட்.

"அந்தச் சீட்டு எங்கே அண்ணே?"

"பத்திரமா வச்சிருக்கேன்." பாஸ் உறையைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். "பிஞ்சு வந்துச்சு. தொலைஞ்சுடக் கூடாதுன்னு எடுத்துட்டேன்."

முபீனா எழுந்து வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. உள்ளங்கையால் அந்தக் கண்ணைப் பொத்தினாள்.

"கையை எடும்மா. மறைக்குது பாரு."

அவள் எடுக்கவில்லை.

"நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதுசுல," என்றாள், "ஒரு மில்லுல இருந்து முந்நூறு ஐசி வந்துச்சு. எல்லாம் கண்ணு வச்சது. எல்லாம் வேலை செய்யறது. பசையும் அழுக்குமா இருந்துச்சு. எங்க உஸ்தாத் வெளியூர் போயிருந்தார். அவர் வந்து அசந்து போகணும்னு, அத்தனையும் கழுவினேன். சீட்டையெல்லாம் உரிச்சுட்டு, பளபளன்னு. மொட்டை மாடியில பாய் விரிச்சு, வடகம் மாதிரி காயப்போட்டேன். நாலு நாள், அஞ்சு நாள். ஒரு மழை மேகம் இல்லை. நல்ல வெயில்."

"சரி."

"உஸ்தாத் வந்தார். திட்டவே இல்லை. ஒண்ணை எடுத்துப் பலகையில செருகினார். ஒண்ணும் வரலை. அடுத்ததைச் செருகினார். அதுலயும் வரலை. முந்நூறையும் ஒவ்வொண்ணாச் செருகினார், என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு. மத்தியானம் ஆரம்பிச்சது சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும். முந்நூறும் சும்மா இருந்துச்சு."

கண்ணைப் பொத்திய கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

"உள்ள எழுதினதை அழிக்கிறதுக்காகவே வச்ச கண்ணு அண்ணே அது. வெயில் பட்டா கொஞ்சம் கொஞ்சமா அழியும். அன்னைக்கு நீங்க ஏன்னு கேட்டப்ப இதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வேடிக்கையா ஒண்ணு சொன்னேன். தப்பு என்னுது."

தணிகாசலத்துக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் வந்தது.

"அழியறதுன்னா குறையணும். இது நீளுது. பாடுறான். நீ கேட்டேல்ல?"

"நீளுது. மேல ஏறுது. ஒரு இடத்துலயாவது குறைஞ்சுச்சா? ஒரு ஸ்வரமாவது இறங்கிச்சா?"

அவர் யோசித்தார். இருபத்திரண்டு நாளையும் ஒவ்வொன்றாக யோசித்தார்.

"அழிய அழிய உள்ள இருக்கிற நம்பர் பெருசாத்தான் ஆகும். சின்னதாகாது. அதோட வழி அது. பாடுறவன்னா மூச்சு வாங்கவாவது இறங்குவான் அண்ணே."

"பொய் சொல்றே."

முபீனா கையை எடுத்தாள். டேப்பில் ஒரு துண்டு வெட்டி மேஜை விளிம்பில் ஒட்டிவைத்தாள்.

"மூடினா, இன்னைக்கு எப்படி இருக்கோ அப்படியே நிக்கும். தினமும் இதேதான் வரும். புதுசா ஒண்ணும் வராது."

"மூடலைன்னா?"

"இன்னும் நீளும். ஒரு நாள் ஒரே ஸ்வரமா நிக்காம வரும். அதுக்கு அடுத்த நாள் அதுவும் இருக்காது."

"எத்தனை நாள்?"

"இந்த வெயிலுக்கு ஒரு வாரம்."

"ஒரு வாரம்..." என்றார் தணிகாசலம். ஆசையோடுதான் சொன்னார். ஒரு வாரம் என்றால் எத்தனை தடவை வெளியே போய் வரலாம் என்று மனது கணக்குப் போட்டதை அவரே கேட்டார். அவருக்கே தன்னைக் கண்டு பயமாக இருந்தது.

கண் நிறம் மாறாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டேப்பை எடுத்தார். ஒட்டினார். கட்டைவிரலை மேலிருந்து கீழாக, நெற்றியிலிருந்து இமைக்குக் கொண்டுவருவதுபோல, ஒரு தடவை இழுத்தார். பிறகு முகத்தைத் தன் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார். குணாளன் போன அன்றைக்கு, வந்தவர்களுக்கு நாற்காலி போடுகிற வேலையில் அழாமல் விட்ட அழுகை அது. முபீனா ஜன்னலுக்குப் போய்க் கீழே தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

அழுது முடித்ததும், "மொதல்ல இருந்த மாதிரி வருமா?" என்று கேட்டார்.

"கேட்டுப் பார்ப்போம்."

ஐசியைக் கழற்றி, உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கிற கருவியில் வைத்தாள். ஐந்து வோல்ட்டில் படித்தாள். திரையில் வந்தது குப்பை. வோல்ட்டைக் குறைத்தாள். நாலரை. நாலேகால். இன்னும் கொஞ்சம்.

"ஏன் குறைக்கிறீங்க?"

"அழிஞ்சும் அழியாம கிடக்கிறது சத்தம் போட்டுக் கேட்டா மாத்திச் சொல்லும். மெதுவாக் கேட்டா சில நேரம் பழசைச் சொல்லும்."

நாலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு இடத்தில் நின்றாள். அங்கே பத்துத் தடவை படித்தாள். காகிதத்தில் எழுதினாள். பதினான்கில் பன்னிரண்டு வந்துவிட்டன. பத்தாவதும் பதினோராவதும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் சொல்லின.

"ரெண்டு போச்சு. ஆனா இருபத்தாறு வருஷம் கேட்டவர் நீங்க இருக்கீங்களே. பாடுங்க, எழுதிக்கிறேன்."

தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். ஒன்று, இரண்டு, மூன்று. தடுமாறினாலும் வந்தது. ஒன்பதுவரை வந்தது.

நின்றார்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்பதில் நின்றார். அங்கே ஒரு பள்ளம். குனிந்து பார்த்தால் அடியில் அந்த நீண்ட, மெலிந்த சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் போட்ட மெட்டு. இருபத்தாறு வருஷத்தை இருபத்திரண்டு நாள் தின்றுவிட்டதா?

"எனக்குள்ளயும் அழிஞ்சிருச்சு உஸ்தாத்," என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை.

முபீனா பேனாவை மூடவில்லை. காத்திருந்தாள்.

"நீளமா வந்துச்சே, அதையே அந்த இடத்துல வச்சுடுங்க."

"அது குணாளன் வச்சதில்லை."

"யாரு வச்சா என்ன? எனக்குத் துணைக்கு இருந்துச்சு."

"நீங்க சொன்னா வைக்கிறேன்."

தணிகாசலம் பாஸ் உறைக்குள் இருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். கீழே கடைக்காரர்கள் டீக்குக் குரல் கொடுத்தார்கள்.

"வேணாம். காலியா விட்டுடுங்க."

எழுதுவதற்கு அதே ஜாதி ஐசி ஒன்று வேண்டும். கைவசம் இருந்தது எடை மெஷினுடையதுதான். எதையும் அழிப்பதற்கு முன் ஒரு தடவை ஓடவிடுவது முபீனாவின் வழக்கம். பலகையில் செருகினாள். எண் பலகை விழித்து, ஐம்பத்து நான்கு கிலோ என்றது. அணைத்தாள். கறுப்பு டேப்பை உரித்து, ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து மூடி, சுவிட்சைப் போட்டாள். விளிம்பில் கோடு மாதிரி ஊதா வெளிச்சம் கசிந்தது. இருபது நிமிஷம். தணிகாசலம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முபீனா திரும்பிக்கொள்ளச் சொன்னாள். கண்ணுக்கு ஆகாது என்றாள். அழிந்ததும், மீட்ட பன்னிரண்டு ஸ்வரத்தையும் அதில் எழுதினாள், இரண்டு இடத்தைக் காலியாக விட்டு.

சாயங்காலம் அவரோடு அவளும் அயனாவரத்தில் அவர் வீட்டுக்கு வந்தாள். புது ஐசியைச் செருகியது தணிகாசலம்தான். அதன் கண்ணை டேப்பால் மூடி, பெட்டிக்கு மூடி போட்டு, ஜன்னலைவிட்டு எடுத்துப் பழைய இடத்தில் சுவரில் மாட்டினார். பழைய ஐசியின் கறுப்பு டேப்புக்கு மேலே பையனின் சீட்டைப் புதுப் பசை தடவி ஒட்டினார். "மணி 3. சரி." அதை உள்ளே கொண்டுபோய், குணாளனும் அவன் அம்மாவும் இருக்கிற படத்துக்குக் கீழே வைத்தார்.

வெளியே வந்து கதவைப் பூட்டினார்.

"இப்ப எதுக்குப் பூட்டு?" என்றாள் முபீனா.

"அப்பத்தான் வந்த மாதிரி இருக்கும்."

படியிறங்கித் தெருவில் நான்கு எட்டு வைத்தார். திரும்பினார். வந்தார். அழுத்தினார்.

உள்ளே மணி ஒலித்தது. இழுவை இல்லை. பழைய சுறுசுறுப்பு. அவர் இடது கால் செருப்பு தானாகக் கழன்றது, வழக்கமான இடத்தில். ஏழு, எட்டு, ஒன்பது.

பிறகு அந்தக் காலி இடம். இரண்டு ஸ்வர அகலம். வீட்டுக்குள்ளே நிசப்தம். எதிர்வீட்டு ஜன்னல் பாதி சாத்தியபடி நின்றது.

அந்த இடம் அவருக்குத் தெரியும். அங்கேதான் தாழ்ப்பாள் சத்தம் வரும். மனைவி ஒன்பதாவது ஸ்வரத்துக்குக் கதவுக்கு வந்துவிடுவாள், துருப்பிடித்த அந்த இரும்புத் தாழ்ப்பாளைக் கிரீச்சென்று இழுப்பாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் மணியின் இரண்டு ஸ்வரம் அமுங்கிப்போகும். அவள் போன பிறகும் அந்த இடம் வந்தால் காது தாழ்ப்பாளைத்தான் தேடியது. அவர் மறக்கவில்லை. அவர் அந்த இரண்டையும் ஒரு நாளும் கேட்டதே இல்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. முடிந்தது.

சாவி பையில் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"உஸ்தாத்."

"சொல்லுங்க அண்ணே."

"பேசினது அவன் இல்லை. சரி, ஒத்துக்கிறேன். ஆனா இத்தனை வருஷமா நான் இங்கயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேனே. இது எனக்கு என்னதான் சொல்லிச்சு?"

முபீனா சுவிட்சைப் பார்த்தாள். அவர் விரல் பட்டுப் பட்டு அது நடுவில் குழிந்திருந்தது.

"உங்களுக்கா? காலிங் பெல் வெளிய நிக்கிறவங்களுக்கு எதுவும் சொல்லாது அண்ணே. நீங்க வந்துட்டீங்கன்னு உள்ள இருக்கிறவங்களுக்குச் சொல்லும்."

தணிகாசலம் வலது கால் செருப்பையும் கழற்றினார். இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து வைத்தார். பிறகு, சாவியை எடுக்காமல், கதவைப் பார்த்தபடி நின்றார்.